புதுக் கணக்கு டீச்சர்

டீச்சரோடு காய் வாங்கப் போவது சங்கடமான வேலை. தேரடி வீதியில் கூடை வைத்திருக்கும் அம்மா, "பிஞ்சு கத்திரிக்கா, வெதையே இருக்காது, வாங்கிக்கோ" என்பாள். மற்றவர்களாக இருந்தால் விலை கேட்பார்கள், இல்லாவிட்டால் ஒன்றை எடுத்து அழுத்திப் பார்ப்பார்கள். இவர் கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "எப்டிம்மா தெரியும்?" என்பார்.

"விக்கிறவளுக்குத் தெரியாதா?"

"அது பதில் இல்லியேம்மா."

கூடைக்காரி என்னைப் பார்ப்பாள். நான் மலையைப் பார்ப்பேன்.

கேலி செய்கிறார் என்றுதான் புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவருக்குக் கேலியே வராது. தனக்குத் தெரிந்ததாக ஒருவர் ஒரு விஷயத்தைச் சொன்னால், அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரையும், 'அடுத்த பஸ் காலியா வரும்' என்று சொன்ன கண்டக்டரையும், எனக்கு வரன் கொண்டுவந்த தரகரையும் ஒரே குரலில்தான் கேட்டார். தரகர், "பையன் தங்கமான பையன்ங்க" என்றார். "எப்டிங்க தெரியும்?" என்றார் இவர். அந்தத் தரகர் பிறகு எங்கள் மாடிப்படி ஏறவே இல்லை.

எழுபதுகளின் நடுவில், திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் சயின்ஸ் டீச்சராகச் சேர்ந்தேன். அவர் அங்கே கணக்கு டீச்சர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பெரிய தெருவில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார். தனியாக வந்த எனக்கு அதில் ஓர் அறையைக் கொடுத்தார். அவர் கணவர் தர்மபுரிப் பக்கம் சர்வேயர். மாதத்துக்கு ஒரு தரம் வருவார், சில மாதம் வரமாட்டார். வந்தால் ஈசிச்சேரில் சாய்ந்து பேப்பர் படிப்பார், சாப்பிடுவார், "இந்த மாசம் கேம்ப்பு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். உலகத்தையே கேள்வி கேட்கிற டீச்சர் அவரை மட்டும் ஒன்றும் கேட்டதில்லை. ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"அவருகிட்ட மட்டும் ஏன் டீச்சர் கேக்க மாட்டேங்கறீங்க?"

அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை. "பதில் தெரிஞ்ச கேள்விய எதுக்குக் கேக்கணும்?" என்றார்.

நான் அந்த மாடிக்குப் போன வருஷம், கார்த்திகை தீபத்தன்று மொட்டைமாடியில் எல்லாரும் நின்றிருந்தோம். மலை உச்சியில் சுடர் எழுந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். கீழ் வீட்டுக்காரர் பரவசத்தில், "இந்த ஜோதி விழுப்புரம் வரைக்கும் தெரியுது, தெரியுமா?" என்றார்.

"எப்டிங்க தெரியும்?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "சாமி விஷயத்துல கேள்வி கேக்கக் கூடாதும்மா."

"சாமிய கேக்கலைங்க. தூரத்தக் கேக்கறேன்."

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறிவிட்டார். தீபம்தான் இன்னும் சில நாள் எரியுமே. கீழ்பென்னாத்தூரில் இறங்கித் திரும்பிப் பார்த்தோம், தெரிந்தது. அடுத்த பஸ் பிடித்துச் செஞ்சிப் பக்கம் போனோம். இருட்டிவிட்டது. வயல் வரப்பில் ஏறி நின்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கருப்பாகக் கிடந்த மலைக்கு மேல் குங்குமப் பொட்டைக் கிள்ளி வைத்த மாதிரி ஒரு புள்ளி. "இங்க வரைக்கும் நெஜம்" என்றார். அதற்கப்புறம் திரும்பும் பஸ் கிடையாது என்று நான் அழாத குறையாகச் சொன்னதால் ஊர் திரும்பினோம். வழியெல்லாம் குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டே வந்தார். கீழ் வீட்டுக்காரரிடம் போய், "செஞ்சிக்கிட்ட வரைக்கும் நீங்க சொன்னது சரிங்க" என்றும் சொன்னார். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்படிப்பட்ட ஒருவரைத்தான் புதுக் கணக்கு வந்து பிடித்துக்கொண்டது.

கணக்குப் பாடத்தை அடியோடு மாற்றப்போகிறார்கள் என்று அப்போது பேச்சாக இருந்தது. அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லித்தருகிறார்களாம். வட்டி, லாப நஷ்டம், தொட்டியில் குழாய் எல்லாம் பின்னால் போய், கணம், உறுப்பு, சேர்ப்பு, வெட்டு என்று புதிய சொற்கள் முன்னால் வரப்போகின்றன. டீச்சர்களுக்கு எல்லாம் கோடை விடுமுறையில் பயிற்சி கொடுத்தார்கள். மற்ற பள்ளிக் கணக்கு வாத்தியார்கள் முனகிக்கொண்டே மெட்ராசுக்குப் போய், முனகிக்கொண்டே திரும்பி வந்தார்கள். இவர் திரும்பி வந்த அன்று பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. முகம் கழுவாமல் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"இத்தினி வருஷமா நான் புள்ளைங்களுக்குக் கணக்கே சொல்லித்தரல, தெரியுமா?"

"என்ன டீச்சர் சொல்றீங்க?"

"போடற விதத்தச் சொல்லித்தந்தேன். இப்டிப் போடு, அப்டி அடி, மேல தூக்கு, கீழ எறக்கு. ஏன்னு ஒருத்திக்கும் சொன்னதில்ல. எனக்கே யாரும் சொன்னதில்ல. அந்த ஊர்ல மொதல்ல ஏன்னு கேக்க வெக்கறாங்களாம். அப்புறம்தான் போட வெக்கறாங்களாம்."

தான் வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை யாரோ கடல் தாண்டிப் பாடத்திட்டமாகவே ஆக்கிவிட்டார்கள் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு அவர் காபியாவது குடித்தால் தேவலை என்றுதான் இருந்தது.

ஜூன் மாதத்தில் பள்ளி மைதானத்தில் கோலப்பொடியால் பெரிய பெரிய வட்டங்கள் போட்டார். மல்லிகை வைத்தவர்கள் ஒரு வட்டம், கண்ணாடி வளையல் போட்டவர்கள் ஒரு வட்டம். இரண்டும் உள்ளவள் எங்கே நிற்பாள்? பிள்ளைகள் ஓடினார்கள், இடித்துக்கொண்டார்கள், சண்டை போட்டார்கள், கடைசியில் வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தை அவர்களே கண்டுபிடித்து அங்கே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நான் சயின்ஸ் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு பீரியடில் பெண்கள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வெற்றுக் கணம் என்றால் என்ன என்று சொல்லித்தர இன்னொரு வட்டம் போட்டார். "அம்மா காலேஜுக்குப் போனவங்க எல்லாம் இதுக்குள்ள வாங்க" என்றார். ஒருத்தியும் நகரவில்லை. வெயிலில் அந்த வட்டம் வெள்ளையாகக் கிடந்தது. "இதுக்குப் பேருதான் வெற்றுக் கணம். இதுவும் ஒரு கணம்தான். உங்க பொண்ணுங்க வந்து நிக்கும்போது இது காலியா இருக்கக் கூடாது" என்றார். அன்று மாலை, ஊரில் அவருக்குப் 'புதுக் கணக்கு டீச்சர்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. அந்தப் பெயர் பாராட்டா, கிண்டலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த வகுப்பில் பச்சையம்மாள் என்று ஒரு பெண். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு கிராமம். காலையில் முதல் பஸ்ஸில் வருவாள். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், மணிலாக் கடலையும் நெல்லும். வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் வந்த முதல் ஆள். பேசமாட்டாள். கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள்.

ஒரு நாள் டீச்சர் வகுப்பில் கேட்டாராம். "ஒத்தப்படை எண்ணு ரெண்ட கூட்டினா எப்பவும் ரெட்டப்படைதான் வருது. எப்பவும் வரும்னு எப்டித் தெரியும்?" மூன்றும் ஐந்தும் எட்டு, ஏழும் ஒன்பதும் பதினாறு என்று பிள்ளைகள் கத்தியிருக்கிறார்கள். "அது நாலு எண்ணுக்கு. நாம பாக்காத எண்ணுக்கு எப்டித் தெரியும்?" கொஞ்சம் பொறுத்துப் பச்சையம்மாள் எழுந்திருக்கிறாள்.

"ஜோடி ஜோடியா நிக்க வெச்சுக்கலாம் டீச்சர். இதுல ஒருத்தி தனியா நிப்பா. அதுலயும் ஒருத்தி தனியா நிப்பா. அவங்க ரெண்டு பேரும் ஜோடி சேந்துடுவாங்க. அப்புறம் தனியா யாரும் இல்ல."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். அன்று வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னார். சமைக்கும்போது திரும்பச் சொன்னார். சாப்பிடும்போது, "தனியா யாரும் இல்லன்னா பாருங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. புதுக் கணக்குக்காக மட்டும் அந்தக் கண்ணீர் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் கெட்டவர் இல்லை. பெண்கள் தேறிவிட்டால் இன்னும் இரண்டு அப்பாக்கள் தங்கள் பெண்களை அனுப்புவார்கள், தேறாவிட்டால் நாலு பேர் நிறுத்துவார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். டிசம்பரில் ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டார்.

"போர்ஷன் எது வரைக்கும் வந்திருக்கு டீச்சர்?"

"பாதி மேடம். ஆனா நடத்துனது எல்லாருக்கும் புரிஞ்சிருக்கு."

"பரீட்சைல புரிஞ்சுதான்னு கேக்க மாட்டாங்க டீச்சர். எழுதினியான்னுதான் கேப்பாங்க."

"புரிஞ்சவ எழுதிட மாட்டாளா மேடம்?"

ஹெட்மிஸ்ட்ரஸ் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

ரிசல்ட் பேப்பரில் வந்த அன்று, தேறியவர்கள் பட்டியலில் எங்கள் பள்ளி எண்கள் இடைவெளி விட்டு விட்டு வந்திருந்தன. வகுப்பில் பாதிக்கு மேல் கணக்கில் போய்விட்டது. புது முறையில் எழுதிய முதல் செட் என்பதால் மற்ற ஊர்களிலும் இதே கதைதான் என்று சொன்னார்கள். அதனால் யாருக்கும் ஆறுதல் இல்லை. மறுநாளே பெற்றோர்கள் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அமெரிக்காக்காரன் கணக்கு எங்க வூட்டுப் பொண்ணுக்கு எதுக்கு? வட்டி போடக் கத்துக்கொடுங்கன்னா வட்டம் போடக் கத்துக்கொடுத்துட்டு இருக்கீங்க!" என்று கத்தினார். டீச்சர் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பேப்பரில் ஒரே ஓர் எண்ணைத்தான் தேடியிருந்தார். அதுவும் இல்லை.

பச்சையம்மாளை வரவழைத்தார். கேள்வித்தாளைக் கொடுத்து, பரீட்சையில் எழுதியதை அப்படியே திரும்ப எழுதச் சொன்னார். எங்கள் மாடியில், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அவள் எழுதினாள். டீச்சர் படித்துக்கொண்டே வந்தார். ஒரு தப்புகூட இல்லை. ஆனால் ஒன்றுகூடப் புத்தகத்தில் இருந்த மாதிரி இல்லை. ஒற்றைப்படை எண் கணக்கு கேட்டிருந்தார்கள். புத்தகத்தில் அதை எழுத்துகளை வைத்து நாலு வரியில் போட்டிருந்தது. இவள் ஜோடி ஜோடியாகப் புள்ளி வைத்து, தனியாக நின்ற இரண்டு புள்ளிகளைச் சுற்றி ஒரு கோடு வரைந்திருந்தாள்.

அந்தத் தடவை பேப்பர் திருத்தப் போன ஆண்கள் பள்ளி வாத்தியார் ஒருவரை வழியில் பார்த்தோம். டீச்சர் அவரை நிறுத்தி, இப்படி எழுதியிருந்தால் மார்க் உண்டா என்று கேட்டார்.

"விடைக்குறிப்புல இருக்கறது இருந்தா மார்க். இல்லன்னா முட்டை. படம் போட்டா சும்மா கிறுக்கி இருக்கான்னு அடிச்சுட்டுப் போவோம். ஒவ்வொண்ணா ஒக்காந்து யோசிக்க அங்க ஏதும்மா நேரம்? எங்களுக்கே அந்தப் புதுக் கணக்கு பாதிதான் புரியுது."

அவர் ஒளிக்காமல் சொன்னார். டீச்சர் அவருக்கு நன்றி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பச்சையம்மாள் ஊருக்குப் போனோம். அவள் அப்பா களத்திலிருந்து ஓடிவந்து கயிற்றுக்கட்டிலைத் தட்டிப் போட்டார். அவள் அம்மா அவித்த மணிலாக்கொட்டையை முறத்தில் கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது என்றார்கள். ஆவணியில் முடித்துவிடலாம் என்று யோசனை.

"அக்டோபர்ல மறுபடி பரீட்ச வருதுங்க. இன்னொரு தபா எழுதட்டும். கண்டிப்பா பாஸ் பண்ணிடுவா" என்றார் டீச்சர்.

அவள் அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபமே இல்லாமல், மரியாதையாகக் கேட்டார். "எப்டி டீச்சர் தெரியும்?"

டீச்சர் ஒரு கொட்டையை எடுத்து உரித்தார். முறத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. கன்றுக்குட்டி ஒன்று கத்தியது.

"தெரியும்ங்க" என்றார் டீச்சர் கடைசியில்.

அதே பதிலைச் சொன்ன கூடைக்காரியை அவர் விட்டதில்லை. அந்த மனுஷன் விட்டுவிட்டார். "சரி டீச்சர். நீங்க இவ்ளோ தூரம் வந்து சொல்றீங்க. தை வரைக்கும் பாக்கறேன்" என்றார்.

அதற்கப்புறம் எங்கள் மாடியில் நடந்ததை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. பச்சையம்மாள் வாரத்தில் பாதி நாள் எங்களோடு தங்கினாள். சாயங்காலம் ஆனதும் டீச்சர் புத்தகத்தைத் திறப்பார். "இத அப்படியே மனப்பாடம் பண்ணு. ஒரு எழுத்து மாறக் கூடாது."

"ஏன் டீச்சர் இந்த எடத்துல இது வருது?"

"ஏன்னு கேக்காத. சொல்லு."

அவள் சொல்வாள். மூன்றாவது வரியில் நின்றுவிடுவாள். "இது ஏன்னு தெரியாம நாலாவது வரி வரமாட்டேங்குது டீச்சர்" என்பாள். டீச்சர் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்வார். ஒரு நாள் ஸ்கேலை எடுத்துவிட்டார். அடிக்கவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வெகுநேரம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை.

அக்டோபரில் கணக்குப் பரீட்சை. டீச்சரும் நானும் வெளியே புங்கமரத்தடியில் காத்திருந்தோம். மணி அடித்தது. பெண்கள் வாடிய முகத்தோடு வந்தார்கள். பச்சையம்மாள் மட்டும் ஓடிவந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"பாடம் பண்ணது எல்லாம் மறந்துபோச்சு டீச்சர். அப்புறம் நானே யோசிச்சேன். ஒவ்வொண்ணும் ஏன்னு யோசிச்சு யோசிச்சு நானே எழுதிட்டேன். எல்லாமே வந்துடுச்சு டீச்சர்!"

நான் டீச்சர் முகத்தைப் பார்க்க முடியாமல் ரோட்டைப் பார்த்தேன். பிறகு அவர் அந்தப் பெண்ணின் தலையைத் தடவி, "நல்லா பண்ணியிருக்க, கண்ணு" என்றார். பெட்டிக்கடையில் அவளுக்குக் கலர் வாங்கிக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை, எந்தக் கேள்விக்கு என்ன எழுதினாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் "சரிதான், சரிதான்" என்று தலையாட்டினார். பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார். "அவ்வளவும் சரி. ஒண்ணுக்கும் மார்க் வராது" என்றார்.

வரவில்லை.

தை மாதம் கல்யாணத்துக்குப் போனோம். பெண்ணை அழைத்து மணையில் உட்காரவைக்கிறதுக்கு முன்னால், பச்சையம்மாள் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எழுதினது தப்பா டீச்சர்?"

"தப்பே இல்ல."

"அப்புறம் ஏன் டீச்சர்?"

மேளக்காரர்கள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். யாரோ அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை நல்ல பையன் என்று எல்லாரும் சொன்னார்கள். டீச்சர் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அதே வருஷம் கோடையில், செங்கம் ரோட்டில் ஓர் ஆசிரமத்துக்கு வந்து தங்கியிருந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவர் முன்பு கணக்கு டீச்சராக இருந்தவர் என்று யாரோ சொன்னார்கள். டீச்சர் அன்றே என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். பாடத்திட்டம் எழுதிய நாட்டிலிருந்து வந்தவர். இங்கே நாம் எங்கே தவறினோம் என்று அவர் சொல்லிவிடுவார் என்கிற நம்பிக்கை. மரத்தடியில் வெள்ளைப் புடவை கட்டி உட்கார்ந்திருந்த அந்த அம்மாளிடம், பஸ்ஸில் மனசுக்குள் கட்டிக்கொண்டு வந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். கோலப்பொடி வட்டங்களைச் சொன்னார். பச்சையம்மாளைச் சொன்னார்.

அந்த அம்மாள் அன்பாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு ஆச்சரியத்தோடு சொன்னார்: "அதையா இங்கே நடத்துகிறீர்கள்? நாங்கள் அதை விட்டுவிட்டோமே. எங்கள் பள்ளிகளில் மறுபடி பழைய மாதிரிதான்."

"ஏன்?"

"பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் வரவில்லை என்று பெற்றோர்கள் சண்டைக்கு வந்தார்கள்."

"வரவில்லை என்று எப்படித் தெரிந்தது?"

"பரீட்சை வைத்தார்கள்."

டீச்சர் சிரித்துவிட்டார். சத்தமாக, கண்ணில் நீர் வர. அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் தானும் சிரித்தார். அங்கே மயில் ஒன்று சுவரில் நடந்துபோனது. அந்த அம்மாள், தான் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு மனசை அடக்க வந்திருப்பதாகச் சொன்னார். "அடங்குகிறதா?" என்று கேட்டார் டீச்சர். பதிலுக்கு நிற்காமல் கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

வெயிலில் நடந்தே திரும்பினோம். எங்கிருந்தோ மேளச் சத்தம் வந்தது, யார் வீட்டு விசேஷமோ. அக்னி தீர்த்தக் குளத்துக்குப் பக்கத்தில் வந்ததும், "நம்மகிட்ட வந்து சேர்றதுக்குள்ள அங்க முடிச்சிட்டாங்க" என்றார்.

ஜூனில் பள்ளி திறந்தபோது மைதானத்தில் வட்டங்கள் இல்லை. முதல் நாளே புத்தகத்தில் பெட்டி கட்டிய வரிகளைக் கோடு போட்டுப் படிக்கச் சொன்னார். டிசம்பருக்குள் போர்ஷன் முடிந்தது. அந்த வருஷம் கணக்கில் அநேகமாக எல்லாரும் தேறினார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் அசெம்பிளியில் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். கைதட்டும்போது அவர் தன் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். காய் வாங்கப் போனால் கூடைக்காரி சொல்வதை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். கத்திரிக்காய் சில நாள் ஒரே விதையாக இருக்கும். அப்படியே சமைப்பார்.

எனக்குக் கல்யாணமாகிப் போளூர்ப் பக்கம் மாற்றலானது. சில வருஷம் கழித்துத் திருவண்ணாமலைக்கே திரும்பி வந்தபோது எண்பதுகளின் நடு. அவர் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வேங்கிக்காலில் மனை வாங்கி வீடு கட்டியிருந்தார். அப்போது அங்கே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வீடு. கணவர் ஒரேயடியாகத் தர்மபுரியிலேயே தங்கிவிட்டார் என்று தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் கீற்றுக்கொட்டகை போட்டு டியூஷன் நடத்திக்கொண்டிருந்தார். ஊரிலேயே பெரிய பெயர். 'அவங்ககிட்ட விட்டா கணக்குல ஃபெயிலே கெடையாது' என்று சைக்கிளிலும் பஸ்ஸிலும் பிள்ளைகள் வந்தார்கள்.

என் அக்கா மகள் எங்களோடு தங்கிப் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். கணக்கு சுத்தமாக வரவில்லை. அழைத்துக்கொண்டு போனேன். கொட்டகைக்குள் பிள்ளைகள் கும்பலாக ஒரு தேற்றத்தை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் தலை நரைத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு காபி போடப் போனார்.

"பாஸ் பண்ணிடுவா. கவலப்படாதீங்க" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. அவரே, "இப்பல்லாம் எனக்கு நல்லாத் தெரியும்" என்றார்.

"பச்சையம்மா எப்டி இருக்கா டீச்சர்?"

"ஒரு தடவ கடைத்தெருவுல பாத்தேன். என்னப் பாத்துட்டா. நான் வேற பக்கம் திரும்பிட்டேன்." காபியை ஆற்றி என் கையில் கொடுத்தார். "இந்தப் புள்ளைங்க பாஸ் ஆவுதுங்க. அடுத்த கிளாசுக்குப் போவுதுங்க. அது போதாதா சொல்லுங்க. ஒண்ணும் தெரியாம போறதுங்கள நெனச்சா படுத்தா தூக்கம் வரல. ஆனா தெரிஞ்சவளத்தானே நான் வீட்ல ஒக்கார வெச்சேன்."

அக்கா மகளை அங்கே விட்டுவிட்டுத்தான் வந்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அவள் நல்ல மார்க்கோடு பாஸ் செய்தாள். இனிப்பு வாங்கிக்கொண்டு இருவரும் போனோம். விடுமுறை, கொட்டகை காலியாக இருந்தது. டீச்சருக்கு நிஜமாகவே சந்தோஷம். இனிப்பைப் பிட்டு அவள் வாயில் வைத்தார். நாங்கள் கிளம்பும்போது, ஏதோ நினைத்துக்கொண்டவர் போல அவளை நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கட்டுமா கண்ணு? வட்டத்தோட மையத்துல இருந்து நாணுக்குச் செங்குத்து போட்டா, அது ஏன் நாண ரெண்டு சம பாகமா வெட்டுது?"

அக்கா மகள் நிமிர்ந்து நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "தரவு" என்று தொடங்கினாள். தரவைச் சொன்னாள். நிரூபிக்க வேண்டியதைச் சொன்னாள். அமைப்பைச் சொன்னாள். நிரூபணத்தை ஒரு வார்த்தை சிந்தாமல், ஒரு இடத்திலும் மூச்சு நிற்காமல் சொல்லி, "ஆகவே தேற்றம் நிரூபிக்கப்பட்டது" என்று முடித்தாள்.

டீச்சர் கடைசி வார்த்தை வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி கண்ணு" என்றார். "போய்ட்டு வா."